தலைவலிக்குச் சுக்குப் பற்று: ஆதாரம் எவ்வளவு, போடுவது எப்படி

சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டால் தலைவலி போகுமா என்று எங்கள் பக்கம் கேட்டால் இரண்டு விதப் பதில்தான் கிடைக்கும். “பாட்டி காலத்திலிருந்து போடுறோம், போகாம என்ன?” என்பார்கள் சிலர். “அதெல்லாம் மனப்பிரமை, மாத்திரையைப் போடு” என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பும் கேள்வியை முழுதாகக் கேட்கவில்லை. எந்தத் தலைவலிக்கு? மேலே தடவவா, உள்ளே சாப்பிடவா? எதோடு ஒப்பிடும்போது? இந்த மூன்றையும் கேட்டால்தான் பதிலுக்கு அர்த்தம் உண்டு.

கும்பகோணம் பக்கத்தில் மருந்துக் கடை நடத்துகிறேன். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் காய்ந்த பற்றோடுதான் வருகிறார்கள். நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்குப் பகையும் கிடையாது, பக்தியும் கிடையாது. பற்றை முதல்முறையாகப் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும், போட்டுக்கொண்டே சந்தேகப்படுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்களுடையது எந்தத் தலைவலி?

இங்கே பேசப்போவது டென்ஷன் தலைவலியைப் பற்றி. தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல இருபக்கமும் அழுத்தும். ‘விண் விண்’ என்று தெறிக்காது. எரிச்சலாக இருக்குமே தவிர வேலையை விட்டுவிட்டுப் படுக்கும் அளவுக்குப் பெரும்பாலும் போகாது. மாடிப்படி ஏறினாலும் வலி கூடாது, வாந்தி வராது. அரை மணி நேரத்தில் போனாலும் போகும், 7 நாள் இழுத்தாலும் இழுக்கும். பொட்டு, பிடரி, தோள்பட்டைச் சதைகளை விரலால் அழுத்தினால் பலருக்கு வலிக்கும்.

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி வேறு. பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, நடந்தாலே கூடும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கும்.

“எனக்கு சைனஸ் தலைவலி” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அமெரிக்காவில் இப்படித் தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருந்தவர்களும் மருத்துவரே அப்படிச் சொல்லி அனுப்பியவர்களுமாக 2,991 பேரைப் பரிசோதித்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேரின் அறிகுறிகள் மைக்ரேனோடு பொருந்தின. நம் ஊரில் மூக்கடைப்பு, நீர்க்கோவை என்று பற்றுப் போட்டுக்கொள்கிறவர்களிலும் பலருக்கு அடியில் இருப்பது மைக்ரேனாக இருக்கலாம். மைக்ரேனுக்குப் பற்று போடக் கூடாது என்றில்லை. ஆனால் அதற்கு நல்ல மருந்துகள் தனியாக இருக்கும்போது பற்றை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் அவதிப்படுவது வீண்.

இரண்டுமே அரிய நோய் அல்ல. கர்நாடகத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் டென்ஷன் தலைவலி வந்தவர்கள் 100க்கு 35 பேர், மைக்ரேன் வந்தவர்கள் 25 பேர். தமிழ்நாட்டு நிலவரம் அதிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

வகையைப் பிரித்த பிறகு, எது கிளப்பிவிடுகிறது என்று ஒருமுறை யோசியுங்கள். டெல்டாவில் இதற்கு நல்ல பட்டியலே போடலாம். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்குப் பிடரியில் தொடங்கி மேலே ஏறும் வலி. திருபுவனத்தில் குழித்தறியில் கழுத்தைத் தாழ்த்தி ஜரிகை பார்க்கிறவர்களுக்கு, 40 வயதுக்கு மேல் கண்ணாடி போடாமல் சமாளிக்கும்போது வரும் வலி. சித்திரை வெயிலில் களத்தில் நின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்க மறந்த வலி. சஷ்டி, ஏகாதசி என்று வெறும் வயிற்றோடு இருந்த அன்று வரும் வலி. அப்புறம் காபி. காலையும் மாலையும் டிகிரி காபி குடித்துப் பழகிய உடம்புக்கு ஒரு வேளை தவறினாலே தலை கனக்கும். அது காஃபின் கிடைக்காததால் வருவது. அதற்குச் சுக்கை உரசிக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன்? ஒரு டம்ளர் காபியில் தீரும், அல்லது அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் தீரும்.

பற்றைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தலைவலிகள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். பற்று தன்னளவில் பெரிய கெடுதல் செய்வதில்லை. அது காய்கிற வரை காத்திருக்கும் நேரம்தான் சில சமயம் கெடுதல்.

வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த அன்று தலைவலி என்றால் முதலில் விஷத்தைச் சந்தேகியுங்கள். கூடவே வியர்த்துக் கொட்டுவது, எச்சில் ஊறுவது, பார்வை மங்குவது, கண்மணி சுருங்குவது, வாந்தி, நெஞ்சு இறுக்கம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. உடைகளைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். டப்பாவில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் மருத்துவர் மாற்று மருந்தை முடிவு செய்வார்.

தலைவலியோடு கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் வலி, கண் சிவப்பு இருக்கிறது, சேற்றிலும் வாய்க்கால் தண்ணீரிலும் இறங்கி வேலை பார்த்தவர் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மழைக்காலத்தில் டெங்குவும் இப்படித்தான் தொடங்கும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

மற்றவை எந்த ஊருக்கும் பொது:

- இடி விழுந்தாற்போல ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போகும் வலி
- காய்ச்சலோடு கழுத்து விறைப்பு
- கை கால் தளர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, வலிப்பு, மயக்கம்
- தலையில் அடிபட்ட பின் வரும் வலி
- 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி, அதிலும் பொட்டைத் தொட்டால் வலித்தால்
- கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின்னரோ புதிதாக வரும் கடும் வலி
- வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது, இருமினாலோ குனிந்தாலோ கூடுவது, தூக்கத்திலிருந்து எழுப்புவது

இவற்றில் எதுவும் இல்லை, பழக்கமான, அழுத்தும் தலைவலிதான் என்றால் மேலே படியுங்கள்.

ஆதாரத்தை எப்படிப் பார்ப்பது

“சுக்குக்கு மிஞ்சிய மருந்துமில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய கடவுளுமில்லை” என்று பழமொழி உண்டு. பழமொழியை விட்டுவிட்டு மனிதர்கள்மேல் நடந்த சோதனைகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இஞ்சியையும் தலைவலியையும் சேர்த்து அதிகம் பேசப்படும் சோதனைகள் எல்லாம் மைக்ரேனுக்கு, அதுவும் உள்ளே விழுங்கியது. நாம் போடுவதோ டென்ஷன் தலைவலிக்கு, நெற்றியின் மேலே.

ஈரானில் 100 மைக்ரேன் நோயாளிகளில் ஒரு பாதிக்கு 250 மில்லிகிராம் இஞ்சித்தூளும் மறுபாதிக்கு சுமட்ரிப்டான் என்ற மாத்திரை 50 மில்லிகிராமும் கொடுத்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் பலன் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவதாக, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை வாங்கிய கூட்டம் அதில் இல்லை. அதனால் இரண்டும் வேலை செய்தனவா, தானாகக் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரேசிலில் 2019இல் வந்த ஆய்வில் அவசரப் பிரிவுக்கு வந்த 60 பேர். எல்லோருக்கும் ஊசியில் வலிமருந்து, கூடவே பாதிப் பேருக்கு 400 மில்லிகிராம் இஞ்சிச் சாறு, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இஞ்சி சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் நிம்மதி கிடைத்தது. அங்கேயே அடுத்த ஆண்டு வந்த ஆய்வில், வராமல் தடுக்குமா என்று 107 பேருக்கு 3 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட இஞ்சி மேல் என்று காட்ட முடியவில்லை.

ஆகவே “இஞ்சி தலைவலியைப் போக்கும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் மூன்று கேள்விகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வந்த மைக்ரேனைத் தணிக்க, விழுங்கும் இஞ்சிக்கு ஓரளவு ஆதரவு உண்டு. வராமல் தடுக்க இல்லை. நெற்றிப் பற்றுக்கு அந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டக் கூடாது.

நெற்றியில் தடவும் வைத்தியத்துக்குச் சான்று இன்னொரு பக்கம் இருக்கிறது, சுக்குக்கு அல்ல, புதினாவுக்கு. ஜெர்மனியின் கீல் நகரத்தில் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வு அது. 41 பேர், 164 தலைவலிகள், எல்லாம் டென்ஷன் வகை. 10 சதவீதப் பெப்பர்மின்ட் எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து நெற்றியிலும் பொட்டிலும் தடவினார்கள், 15 நிமிஷத்துக்கு ஒருமுறை மறுபடியும். ஒப்பிட 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால். ஒரே ஆளுக்கே ஒரு தலைவலிக்கு இது, இன்னொரு தலைவலிக்கு அது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, ஒப்பிட வைத்திருந்த போலித் தைலத்திலும் புதினா எண்ணெயைத் துளியளவு சேர்த்திருந்தார்கள். அந்த ஜாக்கிரதைதான் எனக்குப் பிடித்தது. உண்மைத் தைலம் 15 நிமிஷத்திலேயே போலியை மிஞ்சியது. பாராசிட்டமாலுக்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. லேசான டென்ஷன் தலைவலிக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய்ப் பூச்சை ஐரோப்பிய மருந்து முகமையும் நிலைபெற்ற பயன்பாடாக ஏற்றிருக்கிறது.

அதே 1996இல் ஆஸ்திரேலியாவில் டைகர் பாமை வைத்து 57 பேரிடம் சோதனை நடந்தது. அங்கேயும் போலித் தைலத்துக்குப் புதினா வாசனை ஏற்றியிருந்தார்கள். அங்கேயும் தைலம் போலியைவிட மேல், பாராசிட்டமாலோடு சமம். நம் வீட்டு அலமாரியில் 1893 முதல் இடம் பிடித்திருக்கும் அமிர்தாஞ்சனும் மென்தால், கற்பூரம், யூக்கலிப்டஸ் என்று ஏறக்குறைய அதே குடும்பம்தான். சிறிய ஆய்வுகள், பழைய ஆய்வுகள். ஆனாலும் கேட்ட கேள்விக்கு நேரான பதில்.

பாராசிட்டமாலோடு சமம் என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். டென்ஷன் தலைவலியில் பாராசிட்டமாலே பெரிய சூரன் கிடையாது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வு பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. 1,000 மில்லிகிராம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வலி முழுக்கப் போனவர்கள் 100க்கு 24 பேர். வெற்று மாத்திரை சாப்பிட்டுப் போனவர்கள் 19 பேர். ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமுக்கும் கிட்டத்தட்ட இதே கதை: 23, எதிரே 16. என்ன போட்டாலும், ஒன்றுமே போடாவிட்டாலும், கணிசமான பேருக்கு இந்தத் தலைவலி தானாகவே போய்விடுகிறது. “போட்டேன், போச்சு” என்பது பற்றுக்கு மட்டுமல்ல, மாத்திரைக்கும் சாட்சியாகாது. நானே மாத்திரை விற்கிறவன், சொல்கிறேன்.

சரி, சுக்குக்கு என்ன நியாயம்? நெற்றித் தோலின் உணர்வு முக்கிளை நரம்பின் (டிரைஜெமினல்) முதல் கிளை வழியாக மூளைக்குப் போகிறது. புதினாவின் மென்தால் அங்கே குளிரை உணரும் வாங்கிகளைத் தட்டுகிறது. சுக்கின் காரமோ, மிளகாய்க் காரம் தட்டும் அதே சூட்டு வாங்கிகளைத் தட்டுகிறது. பச்சை இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால் காயும்போது ஷோகாலாக மாறும், அது இன்னும் காரம். பற்றுக்கு இஞ்சியை விட்டுச் சுக்கை எடுத்ததில் பொருள் இருக்கிறது. தோலில் கிளம்பும் சூடும் குறுகுறுப்பும் வலி உணர்வை மறைக்கலாம் என்பது விளக்கம். விளக்கம் பொருத்தமாக இருப்பதும் சோதனையில் தேறுவதும் ஒன்றல்ல. சுக்குப் பற்றை நான் வைப்பது இந்த இடத்தில்: புதினாத் தைலத்துக்கு ஒரு படி கீழே, நியாயமான ஊகம், செலவு இல்லை, கவனமாகப் போட்டால் ஆபத்தும் குறைவு.

நொச்சியைப் பற்றியும் கேட்பார்கள். வாய்க்கால் கரையெல்லாம் நிற்கிற செடி. காய்ந்த இலையைத் தலையணையில் அடைத்துப் படுப்பார்கள், தழையைப் போட்டு வேது பிடிப்பார்கள். 2003இல் இலங்கை ஆய்வாளர்கள் நொச்சி இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து வலியும் வீக்கமும் குறைவதைக் காட்டினார்கள். எலிக்கு வாய்வழி கொடுத்த சாறு வேறு, நாம் தலைக்கு வைக்கும் தலையணை வேறு. வாசனை பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், தூக்கம் வந்தால் லாபம். வேது பிடிப்பதாக இருந்தால் பாத்திரம் தரையில் இருக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். வென்னீர் கவிழ்ந்தால் தலைவலி மறந்துபோகும் அளவுக்குப் புண்ணாகும்.

பற்றுப் போடும் முறை

மளிகைக் கடையில் சுக்கு வாங்கும்போது முழுத் துண்டாக வாங்குங்கள், தூளாக வேண்டாம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பூச்சி விழாமலிருக்கச் சுண்ணாம்பு பூசியது. “சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு” என்று வைத்தியர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு நெற்றித் தோலுக்கு ஆகாது.

சந்தனக் கல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான கருங்கல். சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுக்கை வட்டமாக உரசினால் பழுப்பாகக் குழம்பு இறங்கும். ஒரு தேக்கரண்டி போதும். சில வீடுகளில் பாலில் உரசுவார்கள், அதுவும் சரிதான். இரும்புக் கரண்டியில் லேசாகச் சுட வைப்பதும் வழக்கம். வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது, புறங்கையில் தொட்டுப் பார்த்த பிறகே நெற்றிக்கு. குழம்போடு சுண்ணாம்பு, கற்பூரம், மிளகு என்று கைக்கு வந்ததையெல்லாம் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எரிச்சல் எதனால் வந்தது என்றும் தெரியாது, நிம்மதி எதனால் வந்தது என்றும் தெரியாது.

முதல்முறை போடுகிறவர்கள் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு அளவு வைத்து, கால் மணி நேரம் பாருங்கள். லேசான சூடு இயல்பு. தடிப்போ கொப்புளமோ வந்தால் உங்களுக்கு இது வேண்டாம்.

அப்புறம் படுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து போட்டால் வியர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி நெற்றியிலும் இரண்டு பொட்டிலும் மெல்லியதாகத் தடவுங்கள். தடிமனாகப் போட்டால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். மேலே ஈரத்துணி சுற்ற வேண்டாம், மூடினால் காரம் உள்ளே ஏறும். விளக்கை அணைத்துவிட்டு, போனை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடங்கள். பற்றின் பாதிப் பலன் இந்தக் கால் மணி நேரக் கட்டாய ஓய்வில்தான் இருக்கிறது என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். வேலைக்கு நடுவில் மாத்திரையை முழுங்கிவிட்டு ஓடலாம், நெற்றியில் பற்றோடு ஓட முடியாதே.

10 முதல் 15 நிமிஷத்தில் காயத் தொடங்கும்போது கழுவிவிடுங்கள். இரவெல்லாம் போட்டுக்கொண்டு தூங்கி, காலையில் நெற்றி கறுத்துத் தோல் உரிந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன். எரிச்சல் தாங்காவிட்டால் வெறும் தண்ணீர் போதாது. சுக்கின் காரம் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை விட்டு நிறைய நேரம் கழுவ வேண்டும், பார்வை தெளியாவிட்டால் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

குழந்தைகளுக்குப் போடாதீர்கள். முகப்பரு, படை, வெட்டுக்காயம் உள்ள தோலில் போடாதீர்கள். மூக்கில் எதையும் பிழிந்துவிட வேண்டாம், தும்பைச் சாறாக இருந்தாலும் சரி, சுக்குப் பாலாக இருந்தாலும் சரி. தலைவலிக்கு மூக்கில் விடும் பழக்கம் இன்னும் சில கிராமங்களில் இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் வம்பு.

பற்றுக்குப் பதில் தைலம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கற்பூரமும் யூக்கலிப்டஸும் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டக்கூடியவை. பெரியவர்களுக்கும் இந்த எண்ணெய்களால் வலிப்பு வந்ததைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தொகுத்து ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் இந்தத் தைலங்களைத் தள்ளி வைப்பது நல்லது.

சுக்குக் காபி குடிக்கலாமா? சமையல் அளவில் தாராளமாக. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுக்குத்தூளை மருந்துபோல அள்ளிச் சாப்பிடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே.

உரசப் பொறுமை இல்லாதவர்களுக்கு நீர்க்கோவை மாத்திரை என்று சித்த மருந்து கிடைக்கிறது. அது உள்ளே சாப்பிட அல்ல, நீரில் குழைத்து நெற்றியில் போட. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்தா பிரிவில் கேட்டுப் பாருங்கள். சந்தையில் பெயரில்லாத பொட்டலத்தில் “மூலிகைத் தலைவலிப் பொடி” என்று விற்பதை வாங்கவே வேண்டாம். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் வலிமாத்திரைத் தூளும் கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத எதுவும் மருந்து அல்ல.

உங்களுக்கு வேலை செய்கிறதா என்று நீங்களே பார்ப்பது

கீல் நகரத்து ஆய்வில் செய்ததை வீட்டிலும் சின்ன அளவில் செய்யலாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் போதும்.

தலைவலி வந்ததும் காசைச் சுண்டுங்கள். பூ விழுந்தால் சுக்குப் பற்று. தலை விழுந்தால் வெறும் சந்தனமோ ஈரத்துணியோ வைத்து அதே கால் மணி நேரம் அதே மாதிரி இருட்டில் படுக்கை. மனம் போனபடி முடிவு செய்தால் வலி அதிகமான நாளில்தான் சுக்கைத் தேடுவீர்கள். எந்த வலியும் உச்சத்துக்குப் போன பிறகு இறங்கத்தான் செய்யும், பெயர் சுக்குக்குப் போய்விடும். அதனால்தான் காசு.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். படுக்கும் முன் ஒன்று, 15ஆம் நிமிஷம் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. கட்டத்துக்குள் ‘சு 6, 4, 3, 1’ என்று எழுதினால் முடிந்தது. அன்றைக்குத் தூக்கம், சாப்பாடு, வெயில், காபி எதிலாவது குளறுபடி என்றால் ஒரு வார்த்தை. இடையில் மாத்திரை போட்டால் அதையும்.

குறிப்பு எழுதிவைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற தன் மருத்துவ நிலையத்தில் கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சையைக் கண் படங்களோடு ஆளுக்கு ஆள் பதிவு செய்து வைத்தார். அந்தத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நாட்டு வைத்தியமா ஐரோப்பிய வைத்தியமா என்று சண்டை போடாமல் இரண்டையும் அருகருகே வைத்து எழுதிப் பார்த்தவர்கள் நடமாடிய ஊர் இது.

சுக்கு நாள்கள் சுமார் பத்து, சந்தன நாள்கள் சுமார் பத்து சேர்ந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். சுக்கு நாள்களில் வலி தெளிவாகச் சீக்கிரம் இறங்கியிருந்தால் தொடருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் சுக்கை ரசத்துக்கு வைத்துக்கொண்டு படுக்கையை மட்டும் தொடரலாம். அதுவும் கெட்ட முடிவு இல்லை. சுக்கின் எரிச்சல் எப்படியும் தெரிந்துவிடும் என்பதால் எது சுக்கு, எது சந்தனம் என்பதை உங்களிடமிருந்தே மறைக்க முடியாது, இந்தச் சோதனையின் ஓட்டை அது. ஆனாலும் ஞாபகத்தை நம்புவதைவிடக் காலண்டர் எவ்வளவோ மேல்.

மாத்திரைக் கணக்கு

அதே காலண்டரில் மாத்திரை போட்ட நாள்களை வட்டம் போடுங்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் முதலியவை கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். கடையில் இதைச் சொன்னால், “மாத்திரையே தலைவலி கொடுக்குமா அண்ணே?” என்று சிரிப்பார்கள். கொடுக்கும். தினமும் காலையில் எழும்போதே தலைவலி, மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் சும்மா இருக்கும், மறுபடி வரும். இந்தச் சுழலில் இருப்பவர்கள் எங்கள் கடைக்கு வரும் வழக்கமான வாடிக்கையாளர்களில் உண்டு. பற்றுக்கு இந்தக் கெடுதல் கிடையாது. எனக்குத் தெரிந்து பற்றுக்கு இருக்கும் உருப்படியான லாபம் இதுதான்: வட்டங்களின் எண்ணிக்கையை அது குறைக்குமானால், வலியை நேரடியாக எவ்வளவு குறைக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

தலைவலி நாள்கள் மாதத்துக்கு 15ஐத் தொட்டால் அது நாள்பட்ட வகை. பற்றும் தைலமும் அதற்குப் பற்றாது. கழுத்து, தோள்பட்டைப் பயிற்சியும், சில சமயம் அமிட்ரிப்டைலின் போன்ற தடுப்பு மருந்தும் தேவைப்படும். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் கண்ணும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும்போது காலண்டர் தாள்களையும், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும், பற்றுக்கும் தைலத்துக்கும் பயன்படுத்தும் பொருள்களின் பெயரையும் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து என்று மறைக்க வேண்டாம். நெற்றி ஏன் கறுத்திருக்கிறது என்று எப்படியும் கேட்பார்கள்.